கொடைக்கானல்ல 45 நாள் ஜோடி வேலை: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எல்லாம் சொல்றேன்

வணக்கம் மக்களே. சவுண்டு கேக்குதா? மொட்டை மாடியில நிக்கிறேன், காத்து கொஞ்சம் இரையும், பொறுத்துக்கங்க.

முதல்ல இந்த ஸ்வெட்டரைப் பாருங்க. துவைச்சுப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல. தொட்டா அப்பளமாட்டம் இருக்கு. இதே ஸ்வெட்டர் நேத்து வரைக்கும் மூணு நாளா கொடியில தொங்கிக்கிட்டு ஈரம் வத்தாம கிடந்துச்சு. மதுரை வெயிலை நான் திட்டாத நாள் கிடையாது. இன்னைக்கு அது மேல ஒரு பாசமே வந்துருச்சு போங்க.

நேத்து ராத்திரிதான் கொடைக்கானல்லேருந்து இறங்குனோம். 2025 ஏப்ரல் 17 போனது, மே 31 வந்தது. நடுவுல ரெண்டு ஷார்ட்ஸ் போட்டேன்ல, மூடுபனியும் பைன் மரமுமா? அதுக்கு ஆளாளுக்கு, "என்னக்கா ரெண்டாவது ஹனிமூனா", "குடுத்து வச்சவுக". எங்க அத்தாச்சி போனே போட்டுட்டாக. ஆத்தா, ஹனிமூன் இல்ல. பெட்ஷீட் துவைக்கப் போனோம்.

புதுசா பாக்குறவங்களுக்குச் சொல்லிர்றேன். நான் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல யுகேஜி மிஸ். எங்க வீட்டுக்காரரு அதே ஸ்கூல்ல வேன் டிரைவர். ரெண்டு பேருக்குமே மே மாசச் சம்பளம் கிடையாது. பிள்ளைக வரலைன்னா வேன் ஓடாது, வேன் ஓடலைன்னா சம்பளம் ஓடாது. ஆனா வீட்டு வாடகைக்கும் கேஸுக்கும் லீவு விடுறாங்களா? அதான் போன வருஷமும் இந்த வருஷமும் மேல ஏறுனோம். நாயுடுபுரம் தாண்டி ஒரு காட்டேஜ், ஆறு ரூம். ஓனர் கோயமுத்தூர்ல இருக்காரு. சீசனுக்கு மட்டும் புருஷன் பொண்டாட்டியா ஆள் வேணும்னாரு. அங்க அதை ஜோடி வேலைன்னே சொல்றாங்க. தங்க ஒரு ரூம், அரிசி பருப்பு அவங்களோடது.

வேலை என்னன்னு கேட்டா, அவருக்குக் காலையில நாலு மணிக்கு ஆரம்பிக்கும். சீசன்ல ஊரே ஒண்ணா ஹீட்டரைப் போடுறதால வோல்டேஜ் இருக்காது. பின்னாடி ஒரு விறகு பாய்லர் இருக்கு, அதை மூட்டி பக்கெட் பக்கெட்டா வெந்நீர் சுமக்கணும். அப்புறம் கார் பார்க்கிங், பால், காய்கறி, ராத்திரி கேம்ப் ஃபயருக்கு விறகு. எனக்கு டிபன், ரூம் கூட்டுறது, பாத்ரூம், துணி.

துணியப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். வாஷிங் மெஷின் இருக்கு, துவைக்கிறது பிரச்சனையே இல்ல. காயாது! காலையில ஒன்பது மணிக்கு வெயில் வரும், நல்லா சுள்ளுன்னுதான் வரும். பன்னெண்டு, ஒண்ணுக்கெல்லாம் பள்ளத்துலேருந்து மூட்டம் ஏறி வந்துரும். அதுக்குள்ள காய வச்சு எடுக்கணும். ரெண்டு மணிக்குப் புதுசா ஆள் வருவாங்க. இதுல ரஜாய், அதான் குளிருக்குப் போத்துற பஞ்சு மெத்தைப் போர்வை, அதோட உறைன்னு ஒண்ணு இருக்கே, அது பாதி காஞ்சு எடுத்தா ஈரநாய் வாடை அடிக்கும். மூக்கை வச்சு மோந்து பாத்துட்டு "மேடம், ஸ்மெல் வருது"ன்னு நிப்பாங்க. நான் என்ன செய்வேன்னா, சமையக்கட்டுத் தகரக் கூரை மேல விரிச்சிருவேன். தகரம் சூடாகுதுல்ல, மேல வெயில், கீழ தகரம், தோசை மாதிரி ஒரு பக்கம் ஆனதும் திருப்பிப் போடணும். அதுக்கு ஏணியில ஏறி இறங்கணும். மிச்ச ஈரத்துக்கு அயர்ன் பாக்ஸ். கரண்ட் இருந்தா.

மாவுக் கதை இன்னொண்ணு. போன வருஷம் முதல் நாள் மதுரையில செய்யுற மாதிரியே இட்லிக்கு அரைச்சு வச்சுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா ராத்திரி வச்ச இடத்துலயே உக்காந்திருக்கு, ஒரு இஞ்சுகூடப் பொங்கல. அந்தக் குளிருக்குப் புளிக்காதாம். அப்புறம் கத்துக்கிட்டேன். குண்டானைக் கம்பளியில சுத்தி, பாய்லர் பக்கத்துல வச்சுப் படுக்கணும். எங்களுக்குக்கூட அவ்வளவு நல்ல படுக்கை இல்ல. சோறும் அப்படித்தான், ஏழாயிரம் அடி உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், அதனால சூடு பத்தாது. உலை தளதளன்னு கொதிக்கும், அரிசி மட்டும் விரைப்பாவே நிக்கும். குக்கர்தான் கதி.

இ-பாஸ் பத்திக் கேட்டிருந்தீங்க, அதான் மேல வண்டியில வர்றதுக்கு ஆன்லைன்ல எடுக்குற அனுமதிச் சீட்டு. 2024 மே 7லேருந்து ஹைகோர்ட் உத்தரவுல அது இருக்கு. இந்த 2025ல எண்ணிக்கையும் வச்சுட்டாங்க, ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000. கவர்மெண்ட் பஸ்ல வந்தா இது எதுவும் வேண்டாம், நாங்க ஆரப்பாளையத்துல பஸ் ஏறித்தான் போனோம். ஆனா கார்ல வர்றவங்க பாதிப் பேரு வெள்ளி நீர்வீழ்ச்சி செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு எங்க வீட்டுக்காரருக்குப் போன் போடுவாங்க. "அண்ணா, ஓடிபி வரலண்ணா." இவரு என்ன கலெக்டராபீஸ் வச்சிருக்காரா? இருந்தாலும் பொறுமையா சொல்லிக் கொடுப்பாரு. அப்படியே அஞ்சு லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்கன்னும் சொல்லுவாரு. கேக்குறவங்க கேப்பாங்க.

அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், அவரு தூங்குறாரு, சொல்லலாம். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், வெளிய நெருப்பு மூட்டி ஒரு குரூப் பாட்டுப் போட்டுக்கிட்டு இருக்கு. வேலி ஓரமா கறுப்பா ஒண்ணு. காட்டுமாடு. டவுனுக்குள்ள நம்ம ஊர்ல பசு மாடு திரியுற மாதிரி அங்க அது திரியும். ஆனா பசு இல்ல, எங்க வேன் போனெட் உசரத்துக்கு நிக்கும், நெத்தி வெள்ளை, காலுக்கு சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. சும்மா விட்டா அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போயிரும். ஒரு சார், நாப்பது வயசு இருக்கும், போன்ல ஃபிளாஷைப் போட்டுக்கிட்டு கிட்டக்கப் போறாரு. அது தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, எனக்குக் கரண்டி கைய விட்டு நழுவிருச்சு. எங்க வீட்டுக்காரரு அவரையும் அறியாம வேன் குரல்ல, "ஏய்! உள்ள ஏறு! சத்தம் வரக்கூடாது, ஒருத்தர் பின்னால ஒருத்தர்!" அந்த சாரு, கூட இருந்த பத்துப் பேரு, எல்லாம் கமுக்கமா வரிசையா உள்ள போயிட்டாங்க. இவரு வாசல்ல நின்னு தலை எண்ணுறாரு. மறுநாள் அந்த சாரு கிளம்பும்போது இவரு கையில 500 ரூபா வச்சுட்டுப் போனாரு. பயத்துலயா மரியாதையிலயா தெரியல.

சுத்திப் பாத்தீங்களான்னா, பில்லர் ராக்ஸ் பக்கம் ஒரு தடவை விறகு வண்டியில போனோம், மூட்டத்துல பாறையே தெரியல. ஏரியை தினம் மார்க்கெட் போற வழியில பாப்போம், பஸ்ஸுல போகும்போது பாக்குற மாதிரி. அவ்வளவுதான். ஏரின்னதும் ஞாபகம் வருது. 1863ல அதை வெட்டுனது லெவிஞ்சுன்னு நம்ம மதுரை கலெக்டரா இருந்தவரு. அதுக்கு முன்னாடி 1845ல அங்க முதல் முதலா ரெண்டு பங்களா கட்டுன அமெரிக்க மிஷனரிங்களும் மதுரையில வெயிலு, காய்ச்சல் தாங்க முடியாம மேல போனவங்கதான். அப்ப ரோடு ஏது? பெரியகுளம் பக்கம் அடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டி, அங்கேருந்து குதிரை, இல்லைன்னா நாற்காலியில உக்கார வச்சு ஆளுக தூக்கிக்கிட்டுப் போகணும். அந்தப் பங்களாவுல யாரு இருந்தாங்கன்னு பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. தூக்குனவன் பொண்டாட்டி அங்க என்ன வேலை பாத்தா, அவளுக்கு என்ன குடுத்தாங்கன்னுதான் எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

ஏன் சொல்றேன்னா, சம்பளத்துக்கு வர்றேன். போன வருஷம் மாசம் 24,000 பேசுனாங்க. ஜோடிக்கு. அவரு அக்கவுண்டுக்கு வரும். "அதுல எனக்கு எவ்வளவு சார்"னு கேட்டேன். "குடும்பமா சேத்துத்தாம்மா, அதுல என்ன பிரிச்சுப் பாக்குறது"ன்னாரு ஓனர். சரி, நாமளும் குடும்பம்தானேன்னு விட்டுட்டேன். மே நடுவுல எனக்கு நாலு நாள் காய்ச்சல். எந்திரிக்க முடியல, எங்க வீட்டுக்காரரே ரூமும் கூட்டி, இட்லியும் ஊத்துனாரு. மாசக் கடைசியில பாத்தா 1600 ரூபா பிடிச்சிருக்கு. கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 800, அதுல பாதி 400, நாலு நாளு. அப்ப எனக்குப் பாதின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு! கூட்டும்போது சேந்திருந்தவ, கழிக்கும்போது மட்டும் எப்படிங்க தனியாளானேன்?

அந்த எரிச்சல்ல அன்னைக்கே போன வருஷ நோட்டை எடுத்துக் கூட்டுனேன். மிஸ்ஸுல்ல, வந்த நாள்லேருந்து அட்டெண்டன்ஸ் மாதிரி எல்லாத்தையும் கோடு போட்டு எழுதி வச்சிருந்தேன், எந்த ரூம், எந்தத் தேதி, எத்தனை உருப்படின்னு. பெட்ஷீட் 248. தலகாணி உறை 410. ரஜாய் உறை தனி.

இந்த வருஷம் மார்ச்சுல ஓனர் கூப்பிட்டப்ப, "சார், தனித்தனியா பேசுங்க, ரெண்டு அக்கவுண்ட்"ன்னேன். எங்க வீட்டுக்காரரு ஸ்பீக்கரைப் போட்டுட்டு என்னையே பாக்குறாரு, இருக்குறதும் போயிருமோன்னு. ஓனர் சிரிச்சாரு. "என்னம்மா, வீட்டு வேலைதானே"ன்னாரு. நோட்டைப் பிரிச்சு நம்பரை வாசிச்சேன். லாண்டரியில ஒரு உருப்படிக்கு என்ன ரேட்டோ அதைப் போட்டுப் பெருக்கிப் பாருங்க சார்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பத்தான் இவரு வாயைத் திறந்தாரு, "அவ சொல்றது சரிதான் சார், நாலு நாள் நான் அந்தக் கூரையில ஏறிப் பாத்தேன்"னாரு. நான் எதிர்பாக்கல. அவருக்கு 15,000, எனக்கு 13,000னு முடிஞ்சது. 45 நாளைக்கு அவருக்கு 22,500, எனக்கு 19,500. நேத்து கிளம்பும்போது ரெண்டு போன்லயும் மெசேஜ் வந்துச்சு. மாசத்துக்கு அந்த 2000 ஏன் கம்மின்னு கேக்குறீங்கள்ல? நானும் அதத்தான் கேட்டேன். அது அடுத்த மார்ச்சுக்கு.

ஜோடி வேலைக்குப் போறவங்க இதை மட்டும் போறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க. உடம்பு முடியலைன்னா எத்தனை நாள், விறகு மூட்டுறதுக்கு வர்றவங்க குடுக்குற டிப்ஸ் யாருக்கு, உங்க ரூமுக்கு ரஜாய் உண்டா. ஆமா, ரஜாய் கேளுங்க. எங்களுக்குப் போன வருஷம் ரெண்டு பேருக்கு ஒரு கம்பளி.

பாப்பா இந்த 45 நாளும் வாடிப்பட்டியில எங்கம்மா கூடத்தான். ராத்திரி வீடியோ கால். இந்த வருஷம் பருவமழை முன்னாடியே வந்துருச்சு, கேரளாவுல மே 24. அதே நாள்தான் கொடைக்கானல்ல மலர்க் கண்காட்சி தொடங்குனது. மழையைப் பாத்துட்டு ரெண்டு ரூம் புக்கிங் கேன்சல். ஓனர்கிட்ட கேட்டேன், ரூம் சும்மாதானே கிடக்கு சார்னு. சரின்னுட்டாரு, அந்த விஷயத்துல நல்ல மனுஷன். அம்மா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்தாங்க. பிரையண்ட் பூங்காவுல நாங்க நாலு பேரும் ரெண்டு குடைக்குள்ள நின்னு பூப் பாத்தோம். பாப்பா பூவைப் பாக்கவே இல்ல, தேங்கின தண்ணியில குதிச்சுக்கிட்டே இருந்தா. ராத்திரி அந்த ரூம் கட்டில்ல ஷூவோட ஏறி ஒரு ஆட்டம். அடியேய் இறங்குடின்னு கத்த வாயெடுத்தேன், சரி ஆடட்டும்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில அந்தப் பெட்ஷீட்டையும் நோட்டுல எழுதுனேன். எண்ணிக்கை எண்ணிக்கைதானே?

வரும்போது ஞாயித்துக்கிழமைச் சந்தையில வாங்கின மலைப்பூண்டு மூணு கிலோ கொண்டு வந்தோம். 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, காரம் அப்படி இருக்கும். பஸ்ஸு பூரா வாடை, பக்கத்துல உக்காந்தவரு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு. பேரிக்காய் இன்னும் பிஞ்சுதான், அதனால வாங்கல.

நாளைக்கு ஜூன் 2, ஸ்கூல் திறக்குது. ஆறே முக்காலுக்கு அவரு வேனை எடுக்கணும். இந்தா, கொடியில கிடந்த அத்தனையும் காஞ்சிருச்சு பாருங்க, நான் பேசி முடிக்கிறதுக்குள்ள. இதை மடிச்சு வச்சுட்டு மாவு அரைக்கணும், இங்க அதுவாப் பொங்கிரும். வச்சிர்றேன் மக்களே, பை.