ரப்பருக்கு அரிசி

வணக்கம். இந்தக் கூட்டத்துக்கு முதலில் எனக்குத் தந்த தலைப்பு ‘புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பொருளாதார, அயலுறவுக் கொள்கைகள்’. இப்படிப் போட்டால் என் வீட்டுக்காரியே வரமாட்டாள் என்று சொல்லி, ‘ரப்பருக்கு அரிசி’ என்று மாற்றச் சொன்னேன். விஷயம் ஒன்றுதான்.

இந்தப் பேச்சை எடுத்தாலே நமக்கு நேரு, ஐந்தாண்டுத் திட்டம், பிலாய் உருக்காலை என்று வரிசையாக நினைவுக்கு வரும். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு இலங்கையைப் பற்றிப் பேசப்போகிறேன். அன்றைக்கு நம் ஊர்க்காரர்களுக்கு அது ‘சிலோன்’. மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவராவது சிலோன் போகாத குடும்பம் குறைவு.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கைக்கு விடுதலை கிடைத்தது. கையில் இருந்த சொத்து மூன்று: தேயிலை, ரப்பர், தேங்காய். ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் இந்த மூன்றிலிருந்துதான். சாப்பிடுகிற அரிசியிலோ பாதிக்கு மேல் வெளியிலிருந்து வரவேண்டும். வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அப்படி. மலையில் தேயிலை நடு, அரிசியைப் பர்மாவிலிருந்து கொண்டுவா. பேரரசு ஒன்றாக இருந்தவரை அந்தக் கணக்கு ஓடியது. கொடி இறங்கியதும் கணக்கும் உடைந்தது.

1950இல் கொரியப் போர் மூண்டது. ரப்பர் விலை எகிறியது, இலங்கைக்குக் கொண்டாட்டம். இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. ரப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது, பணம் கொடுத்தாலும் அரிசி கிடைப்பது பாடாகிவிட்டது. சந்தையில் நம் சரக்கு விலை இறங்கும்போது வாங்குகிற சரக்கு விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயியிடம் கேளுங்கள், சொல்வார்.

அப்போது கொழும்பில் ஆண்டது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிஸ்டு என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற கட்சி, மேற்கு நாடுகளின் செல்லப்பிள்ளை. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படை, கட்டுநாயக்கவில் விமானப்படை, இரண்டையும் அப்படியே இருக்கவிட்டிருந்தது. அந்தக் கட்சியின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க 1952இல் பீஜிங் போய், மாவோவின் சீனாவோடு ஒப்பந்தம் போட்டார். ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 டன் ரப்பர் இங்கிருந்து போகும், 2,70,000 டன் அரிசி அங்கிருந்து வரும். ரப்பருக்கு உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தரவும் சீனா ஒத்துக்கொண்டது. அதற்கும் வேறு வழியில்லை.

ஏன் என்றால், 1951 மே மாதம் ஐ.நா. சபை சீனாவுக்குப் போர்த் தளவாடங்களையும் அதற்கு உதவும் பொருள்களையும் விற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. ரப்பர் இல்லாமல் லாரி டயர் ஏது? அப்படியானால் இலங்கை எப்படி விற்றது? அது அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. உறுப்பினராக விடாமல் தடுத்தது சோவியத் யூனியனின் வீட்டோ. 1955 டிசம்பரில்தான் உள்ளே விட்டார்கள். ஆக, ஒரு கம்யூனிஸ்டு வல்லரசு கதவைச் சாத்தியதால்தான் இலங்கையால் இன்னொரு கம்யூனிஸ்டு நாட்டுக்குத் தடையில்லாமல் ரப்பர் விற்க முடிந்தது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்.

அமெரிக்கா சிரிக்கவில்லை. உதவி கிடையாது என்று கையை விரித்துவிட்டது. கொழும்பு அசையவில்லை. 1955இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் இலங்கைப் பிரதமர் கொத்தலாவல எழுந்து, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனி ஆதிக்கம்தான் என்று முழங்கினார். அதே மாநாட்டில் சீனப் பிரதமர் சூ என்லாய் உட்கார்ந்திருக்கிறார், அவர் நாட்டு அரிசி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை இரட்டை வேடம் என்று சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அடுப்பில் உலை கொதிக்கும்போது அரிசி எந்தக் கடையிலிருந்து வந்தது என்று எந்த வீட்டுக்காரியும் பார்ப்பதில்லை.

அரிசிதான் அங்கே ஆட்சியைத் தீர்மானித்தது என்பதற்கு 1953ஐப் பாருங்கள். ஒப்பந்தம் போட்டு ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மானியம் கஜானாவைத் தின்கிறது என்று, நிதியமைச்சர் ஜெயவர்த்தன ஒரு கொத்து (அந்த ஊர்ப் படி மாதிரி ஓர் அளவு) ரேஷன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார். ஆகஸ்டு 12, ஹர்த்தால். நாடே நின்றுபோனது. அமைச்சரவை கரையில் கூட்டம் போடப் பயந்து, துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. விடுதலை வாங்கி ஐந்து வருடம் ஆன நாட்டின் மந்திரிகள், விடுதலை கொடுத்தவனுடைய கப்பலில்! அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

நாம் மட்டும் என்ன? 1951இல் கோதுமைக் கடன் கேட்டபோது, கொரியா விஷயத்தில் நேரு பேசியது பிடிக்காமல் அமெரிக்கக் காங்கிரஸ் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. 1965, 66 பஞ்சத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையைக் கப்பல் கப்பலாக அளந்து அனுப்பினார். 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆனது. மறு வருடத் தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு அரிசி என்று தி.மு.க. சொன்னது ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

சரி, அந்த ரப்பரை வெட்டியவர்கள் யார்? சிங்களத் தொழிலாளர்களும் உண்டு, தேயிலைத் தோட்டத்தைவிட ரப்பர் தோட்டத்தில் அவர்கள் அதிகம். மற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947 தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் சில இடங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றுகூட இல்லை. சீனாவுக்குப் போன ரப்பருக்கு அயலுறவுக் கொள்கை இருந்தது. அதை வெட்டிய பலருக்கு ஊரே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சிலோன் அப்பத்தா இருந்தார். எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமைத் தாண்டி இங்கே வந்த குடும்பம். பால்வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியடியில் வைத்திருந்தார். நான் கேட்டால் எடுத்துக் காட்டுவார். விடியுமுன் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. கீழே சிரட்டை. அந்தப் பால் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. “நாங்க என்னத்தக் கண்டோம், லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போவும்” என்பார். கடையில் போட்ட அரிசி சீனாவிலிருந்து வந்தது என்று நான் சொன்னபோது நம்பவில்லை. “சீனாக்காரன் எதுக்குடா எனக்கு அரிசி குடுக்கான்?”

1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட கணக்கு இது: நாடற்ற 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். டன் கணக்கு போட்ட மாதிரியே ஆள் கணக்கு. இரண்டு ஒப்பந்தத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எது ரப்பர், எது மனிதர் என்று எனக்குச் சமயத்தில் குழம்பும். முதல் ஒப்பந்தத்தைப் பாராட்டுகிறவன்தான் நான்; சின்ன நாடு இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே புத்திசாலித்தனமாகப் பிழைத்தது. ஆனால் இரண்டிலும் அந்த அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை.

திரும்பி வந்தவர்களில் சிலர் நீலகிரித் தேயிலைக்கும், சிலர் கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். அப்பத்தா மதுரையில் தங்கிவிட்டார். இங்கே ரப்பர் மரம் ஏது? இட்லிக் கடை போட்டார். அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்களாம், இங்கே சாகும்வரை ‘சிலோன்காரி’. கத்தியை அவர் பேரன் வைத்திருக்கிறான், இன்றைக்கு எடுத்து வரச் சொல்லியிருந்தேன், அதோ பின்வரிசையில் இருக்கிறான். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், கூர் போகவில்லை, கவனம். டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.