ரப்பர் அறுந்தாலும் விமானம் தப்ப வேண்டும்

வணக்கம். 1871இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்பவர் முறுக்கிய ரப்பர் அவிழும்போது புரொப்பெல்லரைச் சுழற்றும்படி செய்து ஒரு சின்ன விமான மாதிரியைப் பறக்கவிட்டார். அதே வித்தையை இன்றும் உள்ளரங்குகளில் உலகப் போட்டியாக நடத்துகிறார்கள். ருமேனியாவில் ஸ்லானிக் என்ற ஊரின் உப்புச் சுரங்கத்துக்குள்ளேயே பலமுறை நடந்திருக்கிறது. காற்று அசையாத, கூரை மிக உயரமான இடம் வேறெங்கே கிடைக்கும்?

எஃப்1டி என்ற பிரிவில் ரப்பரை நீக்கி எடை போட்டால் விமானம் குறைந்தது 1.4 கிராம் இருக்க வேண்டும், இறக்கையின் நீளம் 55 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, ரப்பர் 0.4 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தத் துளி ரப்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை ஏற்றி, அரை மணி நேரம்கூடப் பறக்கவிடுகிறார்கள். நல்ல ரப்பர் என்றால் அந்த 0.4 கிராமில் சுமார் 4 ஜூல் ஆற்றல் அடங்கும். கணக்குப்படி மொத்த விமானத்தையும் 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. ரப்பரைத் தாங்குவது காகிதம்போல மெல்லிய பால்சா என்ற லேசான மரத்தைச் சுருட்டி ஒட்டிய தண்டு. அதற்குப் பக்கத்திலேயே இதெல்லாம் ஒரே நொடியில் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரப்பர் அறுந்தால் தண்டில் அடி விழும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. முறுக்கின் இழுப்பில் தண்டு லேசாக வளைந்தே நிற்கும். இழுப்பு திடீரென்று விட்டதும் அது துள்ளி நிமிரும், அதிலேயே ஒட்டு விட்டுப்போகும், தாங்குகம்பி அறுந்துபோகும். அறுந்த ரப்பர் முனை புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், அதில் பூசியிருந்த எண்ணெய் இறக்கையின் படலத்தில் தெறிக்கும்.

அதனால் முதல் பாதுகாப்பு ரொம்ப எளிது, விமானத்தில் வைத்து முறுக்காதீர்கள். ரப்பரின் ஒரு முனையை மேசையோடு பொருத்திய டார்க் மீட்டரில், அதாவது முறுக்கு விசையைக் காட்டும் கருவியில் மாட்டி, மறுமுனையை வைண்டர் என்ற முறுக்கும் கருவியில் கோத்து, நன்றாக நீட்டிப் பிடித்து முறுக்கத் தொடங்கி, சுற்று ஏற ஏற மெல்ல முன்னால் நடந்து வரவேண்டும். எல்லையைத் தொட்ட பிறகு, கூரையின் உயரத்தைப் பார்த்துச் சில சுற்றுகளைத் திரும்ப அவிழ்த்துவிடுவார்கள். விமானம் கூரையில் முட்டாமல் இருக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ரப்பர் அறுபடும் விளிம்பிலிருந்து ஒரு படி கீழே இறங்கிய பிறகுதான் விமானத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்பதே இதில் பெரிய லாபம். அறுவதென்றால் அது மேசையிலேயே அறுந்துபோகட்டும், நஷ்டம் ஒரு ரப்பர்தான்.

அடுத்த ஆபத்து ரப்பரை மாட்டும் நேரத்தில். ரப்பரின் இரு முனைகளிலும் சின்ன ஓ-ரிங் வளையம் போட்டிருந்தால் ஒன்றைப் பின்கொக்கியிலும் இன்னொன்றைப் புரொப்பெல்லர் கொக்கியிலும் போட்டுவிடலாம். கம்பி நேராக ரப்பரில் உரசாது. கொக்கியின் வெட்டுமுனையை மழுங்கத் தேய்த்து வையுங்கள், நகத்தையும் வெட்டிவிட்டு வாருங்கள், சிரிக்காதீர்கள், எண்ணெய் பூசிய ரப்பர் அறுந்துபோக நகக்கீறல் ஒன்று போதும்.

மாட்டிய பிறகு விமானம் கையைவிட்டுப் போகும்வரை இடைப்பட்ட நேரத்துக்குச் சிலர், நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்த லேசான குழாய் ஒன்றை ரப்பரைச் சுற்றிப் போட்டுவைத்து, விடுவதற்குச் சற்று முன் உருவிவிடுவார்கள். தெறிப்பதை அது தடுக்கும், சரி, ஆனால் தண்டு துள்ளுவதைத் தடுக்காது. என் கணக்கில், குழாயைவிட நேரம்தான் முக்கியம். மாட்டிய கையோடு விட்டுவிட வேண்டும். அடுத்தவர் விமானம் வழியில் இருக்கிறதா, நடுவர் கடிகாரத்தோடு தயாரா என்பதையெல்லாம் முறுக்குவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

இறக்கை 33 செ.மீ.க்குள் இருக்கும் பீனட் ரக மாதிரிகளின் கதை வேறு. ரப்பர் விமானத்தின் உடலுக்குள்ளேயே இருப்பதால் முறுக்கும்போதே உள்ளே ஒரு குழாயைச் செருகிவைத்து, முடிந்ததும் வைண்டரின் நீண்ட கொக்கிக் கம்பி வழியாக அதை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அங்கே குழாய் இல்லாமல் முறுக்குவது முட்டாள்தனம்.

அப்புறம், அறுந்தேவிட்டால் அடுத்த ரப்பரை உடனே எடுக்காதீர்கள். தண்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து நீளவாட்டில் விரிசல் இருக்கிறதா பாருங்கள், இறக்கையின் கோணம் மாறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள், பின்கொக்கியை விரல் நுனியால் தொட்டு ஒட்டு ஆடுகிறதா பாருங்கள். அது ஆடினால் இன்னொரு முறை முறுக்கிய ரப்பரை அதில் மாட்டவே கூடாது.