இதயத்துக்கு லீவு கொடுக்கும் மெஷின்

[காட்சி: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம். லயத்து வீட்டு வாசல், தூறல். படியில் ஒரு சோடி சின்னச் செருப்பு.]

"காச்சல் நின்னு ஒரு மாசமாச்சுங்க. இப்ப மறுபடியும் மூணு நாளா விடாம அடிக்குது. வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கிறான்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் அம்மா இப்படிச் சொன்னால், கேட்கிற எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது பூச்சி மருந்து. இல்லாவிட்டால் நேற்றுத் தின்ற மாங்காய்மேல் பழி. ஆனால் அந்த முதல் காய்ச்சல் கொவிட் என்றால் கணக்கே வேறு. தொற்று வந்து 2 முதல் 6 வாரத்தில், அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பின் மேலேயே பாயும். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, பீளை தள்ளாமலே சிவந்த கண், வெடித்த உதடு, தோலில் தடிப்பு. 2020 ஏப்ரலில் பிரித்தானிய டாக்டர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள். இப்படிப் பாய்வதால் வரும் அழற்சி இதயத் தசையைப் பிடித்தால் பிரஷர் இறங்கும், கைகால் சில்லிடும்.

பெரும்பாலானோர் நரம்பில் ஏற்றும் இமியூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்திலும் ஸ்டீரொயிட்டிலும் தேறிவிடுவார்கள். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில் இருந்த 186 பிள்ளைகளில் 8 பேருக்குத்தான் இன்றைய மெஷின் தேவைப்பட்டது. பெயர் எக்மோ (ECMO). இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின்.

[காட்சி: தேயிலை ஸ்டோர் மேல்மாடி. பச்சைக் கொழுந்து பரப்பிய நீளத் தொட்டிகள்.]

எக்மோவைப் பார்க்கமுன் ஸ்டோருக்குள் போய் வருவோம். என் அப்பா கொழுந்து வாட்டுகிற இந்த மாடியில்தான் வேலை செய்தார். தொட்டிக்கு நடுவே கம்பி வலை, அதன்மேல் கொழுந்து, கீழே ஃபேன். காற்று வலையைத் தாண்டி மேலே வரும். இலை ஈரத்தை விடும். கனமாகக் கொட்டினால் அப்பாவுக்குக் கோபம் வரும். மெல்லிசாகப் பரப்பினால்தானே எல்லா இலைக்கும் காற்றுப் படும்?

நுரையீரல் செய்வதும் அதேதான். இரத்தத்தை மெல்லிசாகப் பரப்பிக் காற்றுக்குக் காட்டுகிறது. 1953இல் ஜோன் கிப்பன் ஆபரேஷனுக்குப் பயன்படுத்திய இதய நுரையீரல் மெஷினிலும் வலைத்திரைகள்தான் இருந்தன. இரத்தம் அவற்றின்மேல் படலமாக வழியும், ஒட்சிசன் நேராகப் படும். சில மணித்தியாலத்துக்கு அது போதும். நாட்கணக்கில் ஓட்டினால் இரத்தம் கெட்டுப்போகும். அதனால் நடுவில் ஒரு சவ்வு வந்தது. எக்மோவில் நூல்போன்ற ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் ஒட்சிசன் ஓடும், வெளியே இரத்தம் ஓடும். குழாயின் சுவர்தான் சவ்வு. அது வழியாக ஒட்சிசன் இரத்தத்துக்குள் வர, காபனீரொட்சைட்டு இரத்தத்தை விட்டுப் போகும்.

[காட்சி: கட்டிலோரம் இரண்டு குழாய்கள், அருகருகே.]

ஒன்றில் கருஞ்சிவப்பு, மற்றதில் பளிச்சென்ற சிவப்பு. கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய நாளத்திலிருந்து (இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) இரத்தத்தை எடுத்து, பம்ப் சவ்வுக்குத் தள்ளி, சூடேற்றித் திருப்பி அனுப்புகிறது. இதயமும் ஓய்ந்திருந்தால் நாடிக்கு (உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்) திரும்பும். நுரையீரல் மட்டும் என்றால் நாளத்துக்கே.

20 கிலோ பிள்ளையின் உடம்பில் சுமார் ஒன்றரை லீட்டர் இரத்தம் இருக்கும். பம்ப் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2 லீட்டர் ஓட்டும். முழு இரத்தமும் ஒரு நிமிடத்துக்குள் வெளியே போய் வருகிறது. நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

பிளாஸ்டிக்கில் பட்டால் இரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க ஹெப்பரின் கொடுப்பார்கள். கொஞ்சம் கூடினால் இரத்தம் கசியும், மூளையில்கூட. குறைந்தால் கட்டி. இந்த இரண்டுக்கும் நடுவே இரவு பகலாக ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு கைப்பிடியும் தொங்கும். கரண்டும் போய் பெட்டரியும் போனால் பம்பைக் கையால் சுற்றுவதற்கு. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நமக்கு அதன் அருமை புரியும்.

எக்மோ அழற்சியை ஆற்றாது. ஆற்றுவது மருந்தும் உடம்பும்தான். அதுவரை இதயத்துக்கு லீவு, அவ்வளவே.

[காட்சி: பாதை வரைபடம். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை ஆஸ்பத்திரி.]

இந்த வளைவுகளில் பிள்ளையை மடியில் வைத்து வந்தவர்களுக்குத் தூரம் கிலோமீட்டரில் தெரியாது. சோர்ந்து கைகால் குளிர்ந்த பிள்ளைக்கு த்ரீவீல் தேடி நிற்காமல் 1990க்கு போன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். டாக்டரிடம் வயிற்றுவலியோடு, "ஒரு மாசத்துக்கு முன்ன கொவிட் வந்துச்சு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் இதயத்தை எக்கோ ஸ்கானில் பார்க்க அந்த ஒரு வரி போதும்.

[காட்சி: எக்கோ திரை. அசையும் இதயம்.]

தசை மீண்டும் இறுகி விரிவது திரையில் தெரிந்ததும் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பிரஷர் தாங்கினால் குழாயை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் டாக்டர் சொல்லும்வரை ஓட்டப்பந்தயம், கிரிக்கெட் கிடையாது. சில மாதங்களுக்கு அடம்பிடிப்பான். கிளினிக் கொப்பியை மழை படாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த எக்கோ திகதி அதில்தான் இருக்கும்.