பங்காளிச் சண்டையும் பேய்க் கதையும்

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி எங்கே பேசப் போனாலும் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு அம்மா ஓரமாக வந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "ஏனுங்க, பையன் பேய்ப் புத்தகமா வாங்கிட்டு வர்றானுங்க, அதுவும் படிச்சுட்டுச் சிரிக்கறான், உடலாமுங்களா?" இன்றைக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். தாராளமாக விடலாம். அவன் வாங்காவிட்டால் நீங்களே தேடி வாங்கிக் கொடுக்கவும் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வரும்.

இந்த மாதிரிக் கதைகளை ஆங்கிலத்தில் கோதிக் என்பார்கள். பழைய மாளிகை, பூட்டிய அறை, ராத்திரியில் கேட்கிற காலடிச் சத்தம், இதெல்லாம் வரும். அந்த வகையில் முதல் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'. கதை ஆரம்பிக்கிற அன்றைக்கு அந்தக் கோட்டையில் கல்யாணம். மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால் முற்றத்தில் ஒரு இரும்புத் தலைக்கவசம் கிடக்கிறது, மனிதத் தலைக்குச் செய்வதைவிட நூறு மடங்கு பெரியது, அதற்கு அடியில் மாப்பிள்ளை நசுங்கிக் கிடக்கிறான். படிக்கிற பதினாலு வயதுப் பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வரும், வராமல் இருக்காது. அடுத்த பக்கத்தில் சிரிப்பு அடங்கிவிடும், ஏனென்றால் செத்தவனுடைய அப்பன் மான்ஃப்ரெட் கட்டிய மனைவியைத் தள்ளி வைத்துவிட்டு மகனுக்குப் பார்த்த பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளக் கிளம்புகிறான். எதற்கு இவ்வளவு அவசரம்? வாரிசு இல்லாவிட்டால் கோட்டை கைவிட்டுப் போய்விடும். அந்தக் கோட்டையும் அவனுடையது கிடையாது, அவன் பாட்டன் உண்மையான சொந்தக்காரனுக்கு விஷம் வைத்துக் கொன்று பொய் உயில் எழுதிப் பிடுங்கியது.

இப்போது சொல்லுங்கள், இது எந்த ஊர்க் கதை? பவானியிலும் பெருந்துறையிலும் காங்கயத்திலும் நாம் கேட்காத கதையா? கோதிக் கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியான ஒரு விஷயம் இதுதான்: பேயைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் பங்காளிச் சண்டை. பாட்டன் செய்த அநியாயம் பேரன் காலத்தில் வெளியே வருகிறது. ஒரு அறையைத் திறக்கக் கூடாது என்கிறார்கள், ஒரு அத்தையின் பேரை எடுக்கக் கூடாது என்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிணற்றில் பங்கு, முறைத் தண்ணீர், வரப்பு தள்ளிப் போட்டது, கூடப் பிறந்தவளிடம் சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது என்று நம் தோட்டத்து வீடுகளில் இருக்கிற இருட்டு அந்தக் கோட்டையில் இருப்பதற்குக் குறைந்ததில்லை. பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் கல்யாணம் ஆகிப் போன பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சேலை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறதா இல்லையா? இதையெல்லாம் வீட்டில் இருக்கிற பதின்ம வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால் "உனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் படி" என்கிறோம்.

சரி, கையெழுத்து என்றதும் இன்னொரு புத்தகம். லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதிய வரிசை, 1999-லிருந்து 2006 வரை 13 புத்தகங்கள் வந்தன. அப்பா அம்மா தீயில் இறந்து போன மூன்று பிள்ளைகள், அவர்களுக்கு வரப்போகிற பெரிய சொத்து, அதைக் குறிவைத்து வேஷம் மாற்றி மாற்றித் துரத்துகிற ஓலாஃப் என்ற ஆள். சோகக் கதை இது, வேறு நல்ல புத்தகம் எடுத்துப் படி என்று கதை சொல்கிறவரே அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் அதைக் கேட்டதும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். முதல் புத்தகத்தில் அந்த ஓலாஃப் சொத்துக்காக 14 வயது வயலெட்டைக் கட்டிக்கொள்ளத் திட்டம் போடுகிறான். நாடகம் போடுகிறேன் என்று மேடையேற்றி, நிஜ நீதிபதியையே நாடகத்தில் நடிக்க வைத்து, நிஜப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறான். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவளுடைய கைக்குழந்தைத் தங்கச்சி கோபுரத்தில் கூண்டில் தொங்குகிறது. வயலெட் வலது கைக்காரி, ஆனால் இடது கையால் கையெழுத்துப் போட்டு அந்தக் கல்யாணத்தைச் செல்லாமல் ஆக்கிவிடுகிறாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு காதில் விழுகிற ஒரு பெண் பிள்ளை இதைப் படிக்கும்போது என்ன நினைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பாள், கண்டிப்பாகச் சிரிப்பாள். கூடவே பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அந்தக் கதையில் வருகிற பெரியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். சொத்தைப் பார்த்துக்கொள்கிற வங்கிக்காரர் போ என்பவர் நல்லவர், சதா இருமிக்கொண்டே இருப்பார், பிள்ளைகள் எத்தனை முறை "அந்த ஆள்தான் ஓலாஃப்" என்று சொன்னாலும் நம்ப மாட்டார். பேயை விட இந்த நம்பாமைதான் பிள்ளைகளை உண்மையில் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வருகிற ஒரு உறவுக்காரனைப் பற்றி, பள்ளிக்கூட வேனில் நடப்பதைப் பற்றிப் பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது நாம் எத்தனை பேர் இருமிக்கொண்டே தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறோம்?

ஜேன் ஆஸ்டினைச் சும்மா காதல் கதைக்காரி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தேங்கர் அபே' முழுக்கப் பேய்க் கதை படிக்கிற பெண்ணைப் பற்றியது. கேத்தரினுக்கு 17 வயது. ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள், புயல் ராத்திரியில் ஒரு அலமாரிக்குள் சுருட்டி வைத்த காகிதங்களைக் கண்டுபிடிக்கிறாள், விளக்கு அணைந்துவிடுகிறது, நடுங்கிக்கொண்டே விடியும்வரை படுத்துக் கிடந்து காலையில் பிரித்துப் பார்த்தால் அது துணி வெளுத்த கணக்கு! அதோடு விட்டிருந்தால் வெறும் கேலிக் கதைதான். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் மனைவியைக் கொன்றிருப்பார் என்று கேத்தரின் சந்தேகப்பட்டாளே, அந்தச் சந்தேகம் தப்பு, ஆள் கெட்டவர் என்பது மட்டும் சரியாகிவிடுகிறது. பெண் வீட்டில் நினைத்த அளவு பணம் இல்லை என்று தெரிந்ததும் துணைக்குக்கூட ஆள் அனுப்பாமல் அவளைத் தனியாக வண்டியேற்றித் துரத்திவிடுகிறார். பேய் பொய், வீட்டில் இருந்த கெடுதல் நிஜம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு கூர்மையாக எழுதியிருக்கிறார், அதுவும் சிரிக்கச் சிரிக்க.

"படிச்சா மனசு கெட்டுராதுங்களா" என்று அடுத்த கேள்வி வரும். 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், கார்பல்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பொழுதோடு இடுகாட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். கையில் கத்தி, கூர்சீவிய குச்சி. ஏழடி உயரம், இரும்புப் பல், இரண்டு பையன்களைத் தின்றுவிட்டது என்று ஒரு ரத்தக்காட்டேரியைத் தேடினார்கள். போலீஸ்காரர் வந்து அனுப்பி வைத்தும் அடுத்த நாளும் வந்தார்கள். உண்மையில் அந்த ஊரில் எந்தப் பையனும் காணாமல் போகவில்லை. பழி முழுக்க அமெரிக்காவிலிருந்து வந்த பேய்க் காமிக்ஸ் மேல் விழுந்தது, 1955-ல் பிரிட்டனில் அந்தக் காமிக்ஸ்களைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். அமெரிக்காவிலும் அந்த 1954-ல்தான் செனட் விசாரணை நடந்து, காமிக்ஸ் தலைப்பில் திகில் என்ற வார்த்தையே வரக் கூடாது என்று பதிப்பாளர்கள் தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஆராய்ந்தவர்கள் தேடிப் பார்த்தார்கள், இரும்புப் பல் காட்டேரி வருகிற காமிக்ஸ் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது என்னவென்றால், அழுகிற குழந்தையை அடக்க அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற ஒரு பழைய இரும்புப் பல் கிழவி, பாட்டாகவே இருந்தது. பயத்தைக் கொடுத்தது வீடு, அடி வாங்கியது புத்தகம்.

நம் வீட்டிலும் கதை வேறில்லை. வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் தனியாக வராதே, உச்சி வேளையில் கிணற்றடிக்குப் போகாதே, புளிய மரத்தடியில் நிற்காதே, முனி அடித்துவிடும் என்று சொல்லி வளர்த்தது அம்முச்சியும் அப்பாரும்தான். கணவன் செத்ததும் தீயில் இறங்கிய பெண்ணை வீரமாத்தி என்று கும்பிடுகிற சீமை நம்முடையது. இவ்வளவு பயத்தையும் வாயால் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுவது நியாயமில்லை. அம்முச்சி சொன்ன பயத்துக்கு முடிவு கிடையாது, ராத்திரி முழுக்கக் கூடவே படுத்திருக்கும். புத்தகத்தில் இருக்கிற பயத்தைப் பிள்ளை வேண்டாம் என்றால் மூடி வைக்கலாம், மறுநாள் வெளிச்சத்தில் திறந்து பார்க்கலாம், நண்பனிடம் சொல்லிச் சிரிக்கலாம்.

பயத்தையும் சிரிப்பையும் ஒன்றாக வைக்கிற வித்தையை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய்ப் பெண் வருகிறாள். கள்ளிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கொள்ளிக் கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறாள். வெடுவெடென்று சிரிக்கிறாள், தானே மிரண்டு சுற்றுமுற்றும் பார்த்துத் துள்ளுகிறாள், பிணம் எரிகிற தீ சுட்டுவிடுகிறது, கோபம் வந்து புழுதியை வாரி வீசி அதை அணைக்கப் பார்க்கிறாள். எவ்வளவு பயங்கரம், எவ்வளவு பாவமான பிள்ளைத்தனம்! அந்த நாலு வரியைப் படித்த பிறகு எந்தப் பேயையும் என்னால் வெறுக்க முடிந்ததில்லை.

அப்புறம் நம் வேதாளம். மூலத்தில் 25 கதை. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொல்லிவிட்டால் பிணம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும், ராஜா பாவம் திரும்ப நடக்க வேண்டும். அதில் ஒரு பெண் அவசரத்தில் வெட்டுண்டு கிடந்த கணவன் தலையைத் தன் அண்ணன் உடம்பிலும் அண்ணன் தலையைக் கணவன் உடம்பிலும் ஒட்டிவிடுகிறாள், உயிரும் வந்துவிடுகிறது, இப்போது யார் அவள் கணவன்? இதைவிடக் கறுப்பான நகைச்சுவையை யார் எழுதிவிட முடியும்? அம்புலிமாமாவில் அந்த ராஜாவையும், உருவிய வாளையும், தோளில் தொங்குகிற பிணத்தையும் வரைந்த ஓவியர் சங்கர் நம் கொங்குச் சீமையின் காரத்தொழுவில் 1924-ல் பிறந்தவர், 2020-ல் 96 வயதில் மறைந்தார். இந்தியா முழுக்கப் பிள்ளைகள் ராத்திரியில் பயந்து பார்த்த படம் நம் ஊர்க்காரர் கையில் பிறந்தது என்பதை இங்கே உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே? பத்து வயதுவரை வேதாளம் இருக்கிறது. பெரியவர்களுக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது, மாத நாவல்கள் இருக்கின்றன, கோயமுத்தூர்க்காரர் ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுவரை, அவர்களுக்கென்றே தமிழில் எழுதிய இருட்டும் சிரிப்பும் கலந்த கதை மிகக் குறைவு. ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளைக்குப் பஞ்சமில்லை. அந்தியூரில், சத்தியில் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு? அவனுக்குக் கிடைப்பதெல்லாம் பேய்ச் சிரிப்புப் படங்கள்தான்.

அங்கேதான் எனக்கு வருத்தம். அந்தப் படங்கள் பலவற்றில் குண்டாக இருப்பவரையும் கறுப்பாக இருப்பவரையும் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள், தலையை விரித்துப் போட்ட பெண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். ஒரு புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று நான் பார்க்கிற முதல் விஷயம், அதில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்பதுதான். மான்ஃப்ரெட்டையும் ஓலாஃபையும் பார்த்துச் சிரித்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். அடிபட்டவளைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் அந்தப் புத்தகம் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் எனக்கு வேண்டாம். வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால், பிள்ளையே கேட்கும்வரை இந்தக் கதைகளை நீட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், மாணவர்களும் வந்திருக்கிறீர்கள். மேரி ஷெல்லி 1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரையில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத ஆரம்பித்தபோது வயது 18. அதற்கு முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து வானமெல்லாம் மறைத்ததில் அந்தக் கோடையே குளிரும் மழையுமாகப் போயிற்று, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க் கதை எழுதலாம் என்று போட்டி வைத்துக்கொண்டார்கள், அதில் வந்தது. உங்களுக்கு எரிமலை வேண்டாம். பூட்டிக் கிடக்கிற பஞ்சாலை இருக்கிறது, அறுபது எழுபது அடிக்குக் கல் உடைத்து வெட்டி இப்போது தண்ணீர் வற்றிப்போன கிணறு இருக்கிறது, வாரிசுகள் வழக்குப் போட்டு ஓடு சரிந்து நிற்கிற தொட்டிக் கட்டு வீடு இருக்கிறது. மில் விடுதியில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் தங்கி ராத்திரி ஷிப்ட் பார்த்த அக்காக்களிடம் போய்க் கேளுங்கள், கதை கொட்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கிற பகுதியை ஒரு வகுப்புக்கு வாய்விட்டுப் படிக்கக் கொடுங்கள். யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டுத்தான் அந்தப் பேய்கள் சாப்பிட உட்காரும். குருட்டுப் பேய், ஊமைப் பேய், ஒரு வேளை மட்டும் உண்ணுகிற, கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து வடிகட்டிக் கேட்கிற சமணப் பேய் என்று வரிசையாக வரும். சமணரையும் கண் தெரியாதவரையும் அதைப் பாடிய ஜெயங்கொண்டார் ஏன் அங்கே கொண்டுவந்தார், அது சரியா என்றும் பிள்ளைகளே விவாதிக்கட்டும். பாட்டை ஆளுக்கொரு பேயாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், கூழ் ஊற்றுகிற பேய் மட்டும் நல்ல குரல் உள்ள பிள்ளையாக இருக்கட்டும், மீதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.