இரண்டு மாத ஆட்டத்துக்கு இருபது சீசன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால், 1987 ஆகஸ்ட் 12. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்சரை (பந்து வீசுபவரை) வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை. அவர் அப்போது டபுள்-ஏ என்ற கீழ்நிலை லீக்கில் 4 வெற்றி, 10 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அலெக்சாண்டர் வந்ததும் ஒன்பது ஆட்டங்களை ஜெயித்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.53 ரன். டைகர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்து வந்த லீக் சாம்பியன்ஷிப் தொடரில் மினசோட்டா ட்வின்ஸிடம் தோற்றது. அலெக்சாண்டர் பந்து வீசத் தொடங்கிய இரண்டு ஆட்டமும் கைவிட்டுப் போயின. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்கு இருபது சீசன் ஆடினார், 1996-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், 2015-ல் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

ஜூலை மாதக் கடைசியில் டிரேட் கெடு, அதாவது அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான கெடு, நெருங்கும்போதெல்லாம் அமெரிக்க பேஸ்பாலில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கையில் உள்ள இளம் வீரர்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்குவதா, பொறுமையாக இருந்து அவர்களையே வளர்த்து எடுப்பதா? இதை ஏதோ கொள்கைச் சண்டை போலப் பேசுகிறார்கள். உண்மையில் இது வருடக் கணக்கு. கைமாறுவது ஆட்கள் என்று தோன்றும். விலை பேசப்படுவதோ அந்த ஆட்கள் மீது அணிக்கு உள்ள உரிமை இன்னும் எத்தனை வருடம் என்பதுதான்.

அந்த உரிமை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி வீரர்களை ஜூலையில் நடக்கும் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து ஆள் தேர்ந்தெடுப்பது) எடுக்கிறார்கள். இப்போது அது இருபது சுற்று. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்களை 16 வயதிலேயே ஒப்பந்தம் செய்யலாம். இப்படி வருபவர்கள் கீழ்நிலை அணிகளில் படிப்படியாக ஏற வேண்டும்: பயிற்சி மைதான லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 2021-ல் நடந்த மாற்றத்துக்குப் பிறகு உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் தலா நான்கு என்று 120 கீழ்நிலை அணிகள் இருக்கின்றன. இந்த முழு அமைப்புக்கும் ஃபார்ம் சிஸ்டம் என்று பெயர். ஆரம்பித்து வைத்தவர் பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு போட்டிபோட்டு ஆள் வாங்க முடியாத செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக, 1920-களில் சிறு அணிகளை விலைக்கு வாங்கி வீரர்களைத் தாமே வளர்க்கத் தொடங்கினார். கார்டினல்ஸ் 1926, 1931, 1934, 1942 என்று உலகத் தொடர்களை, அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடர்களை, வென்றது.

மேஜர் லீக்குக்கு வந்துவிட்ட வீரர் 172 நாள் பட்டியலில் இருந்தால் அது ஒரு வருட சேவை. ஆறு வருட சேவை முடிந்தால்தான் அவர் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-ல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதன் பிறகு மூன்று வருடம் நடுவர் தீர்ப்பு முறையில் சம்பளம் ஏறும், அப்போதும் சந்தை விலையைத் தொடாது. சந்தை விலை என்னவென்று தெரிய வேண்டுமா? 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸோடு போட்ட ஒப்பந்தம் 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர். அதாவது வருடத்துக்கு 5 கோடியே 10 லட்சம்.

இந்த 172 நாள் கணக்கை அணிகள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கின்றன என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் ஒருவர் போதும். 2015-ல் சிகாகோ கப்ஸ் அவரை ஏப்ரல் 17-ல்தான் மேலே கூப்பிட்டது. சீசன் முடிவில் அவருக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளால் அவர் மீதான உரிமை 2020-க்குப் பதில் 2021 வரை நீண்டது. அவர் புகார் கொடுத்தார், 2020 ஜனவரியில் தோற்றார். 2021 ஜூலையில், அந்தக் கூடுதல் வருடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கப்ஸ் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து இரண்டு இளம் வீரர்களை வாங்கிக்கொண்டது. நியாயமா என்று கேட்டால் எனக்கு உவப்பில்லை. விதிப்படி அது சரி.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 2016 ஜூலை 25 டிரேடைப் பாருங்கள். கப்ஸ் கிளேபர் டோரஸ் உட்பட நான்கு பேரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சரை வாங்கியது. சாப்மனின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. டோரஸுக்கு 19 வயது, ஹை-ஏயில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்பவர்). வருடக் கணக்கில் பார்த்தால் யாங்கீஸுக்குத்தான் கொள்ளை லாபம். டோரஸ் 2018 முதல் 2024 வரை ஏழு சீசன் அவர்களுக்கு ஆடினார். சாப்மனும் அந்த டிசம்பரிலேயே ஃப்ரீ ஏஜென்டாக அவர்களிடம் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் கப்ஸ் செய்தது சரி என்பதே என் கருத்து. 1908-க்குப் பிறகு உலகத் தொடரை வெல்லாத அணி அது. கடைசி இன்னிங்ஸில் பந்து வீச நம்பகமான ஆள் வேண்டியிருந்தது. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அடிசன் ரஸ்ஸல், பக்கத்தில் ஹாவியர் பாயேஸ் என்று இரண்டு இளைஞர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். டோரஸ் வந்தால் நிற்க இடமில்லை. உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையில் சாப்மன் எட்டு பேரை அவுட்டாக்கினார். ஏழாவது ஆட்டத்தில் களைத்துப்போய் எதிரணியின் ரஜாய் டேவிஸிடம் சமன் செய்யும் ஹோம் ரன்னும் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) வாங்கினார். பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று வென்றது.

இடமில்லை என்ற காரணத்தை நம்பி ஏமாந்த அணியும் உண்டு. 1990 ஆகஸ்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், லாரி ஆண்டர்சன் என்ற ரிலீஃப் பிட்சருக்காக (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்தது. பாக்வெல் ஆடியது மூன்றாவது பேஸில், அங்கே மேலே வேட் பாக்ஸ் இருந்தார். முதல் பேஸுக்கு மோ வானை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்வெல் அந்த சீசன் டபுள்-ஏயில் அடித்தது 4 ஹோம் ரன்தான், ஆனால் பேட்டிங் சராசரி .333, அதாவது மூன்று முயற்சிக்கு ஒரு நல்ல அடி. சராசரியைப் பார்க்காமல் ஹோம் ரன்னை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். பந்தைச் சரியாக அடிக்கத் தெரிந்த 22 வயதுக்காரருக்கு உடல் பலம் பின்னால் வரும், பலம் மட்டும் உள்ளவருக்குப் பந்தைப் பார்க்கும் கண் பின்னால் வருவது அபூர்வம். ஆண்டர்சன் பாஸ்டனுக்கு 22 இன்னிங்ஸ் வீசினார், நன்றாகவே வீசினார். பாக்வெல் ஹூஸ்டனுக்கு 449 ஹோம் ரன் அடித்தார். இடமில்லாத வீரரை விற்பதில் தவறில்லை. 22 இன்னிங்ஸுக்கு விற்றதுதான் தவறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பரில் ஃப்ளோரிடா மார்லின்ஸ், மிகேல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கியது. கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் இருவரும் டிராஃப்டின் முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள். மார்லின்ஸுக்கு ஆறு பேராலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மில்லர் பெயர் வாங்கியது வேறு அணிகளில், அதுவும் ரிலீஃப் பிட்சராக மாறிய பிறகு. கப்ரேரா 2012-ல் டிரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் லீக்கில் முதலிடம்) எடுத்தார், 1967-க்குப் பிறகு யாரும் எடுக்காதது. வாங்கும்போது அவருக்கு 24 வயது, இரண்டு வருட உரிமை மீதி இருந்தது, டெட்ராய்ட் உடனே நீண்ட ஒப்பந்தமும் போட்டுக்கொண்டது. நட்சத்திரத்தை வாங்குவதென்றால் இப்படி வாங்க வேண்டும்.

நாற்றங்காலில் எல்லா நாற்றும் பிழைக்காது என்பது அணிகளுக்கும் தெரியும். எது பிழைக்கும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஸ்கவுட்டுகள், அதாவது வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள், 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி ஆட்டக்காரர். இளம் பிட்சர்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் எப்போதும் ஒரு பங்கைக் கழித்துப் பார்ப்பது நல்லது. முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று ஆகிவிட்டால், திரும்ப வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். அதனால் சம மதிப்புள்ள இரண்டு பேரில் ஒருவரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிட்சரைக் கொடுத்துவிட்டு பேட்டரை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஸ்மோல்ட்ஸை நினைத்துத் தயங்குபவர்கள், அதே மாதிரி கொடுக்கப்பட்டு மேலே வராமலே போன பிட்சர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

டிரேட் பட்டியலின் தலைப்பில் வரும் பெயரைவிடக் கடைசிப் பெயர் கவனிக்கத் தக்கது. 2008 ஜூலையில் மில்வாக்கி புரூவர்ஸ், பிட்சர் சி.சி. சபாத்தியாவை கிளீவ்லாந்திடமிருந்து வாங்கியது. அவர் 11 வெற்றி, 2 தோல்வி என்று ஆடி அணியை 1982-க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். கொடுத்தவர்களில் பெரிய பெயர் மேட் லபோர்ட்டா, அவர் சோபிக்கவில்லை. பின்னால் பெயர் சொல்கிறோம் என்று விட்டு வைத்த மைக்கேல் பிரான்ட்லிதான் ஐந்து முறை ஆல்-ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வு) ஆனார். 2016 ஜூனில் சிகாகோ ஒயிட் சாக்ஸ், பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸை வாங்க சான் டியேகோ பாட்ரஸுக்குக் கொடுத்தவர்களில் 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரும் ஒருவர். அப்போது அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. எதிரணி ஸ்கவுட்டுகள் உங்கள் பயிற்சி மைதானத்தில் ஒரு பையனைத் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறார்கள் என்றால், முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்.

வளர்த்து எடுப்பதற்கும் விலை உண்டு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 ஆட்டங்களில் தோற்றது. 2013 செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு உள்ளூர் டிவி ரேட்டிங் 0.0. அதிகம் தோற்ற அணிதான் அப்போது டிராஃப்டில் முதலில் தேர்ந்தெடுக்கும்; இவ்வளவு தோற்றதற்குக் கிடைத்த முதலிடத் தேர்வுகளில் 2012-ல் கார்லோஸ் கோரேயா தேறினார். 2013-ல் பிரையன்டை விட்டுவிட்டு மார்க் அப்பெலை எடுத்தார்கள், அப்பெல் மேஜர் லீக்கில் கால் வைத்ததே 2022-ல், வேறொரு அணிக்கு. 2014-ல் பிராடி எய்கனின் முழங்கை ஸ்கேனைப் பார்த்துப் பின்வாங்கினார்கள், ஒப்பந்தமே ஆகவில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்த 2015 தேர்வில் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார், அது அதிர்ஷ்டம். இப்படிக் கட்டிய அணியும் கடைசியில் டிரேடுக்குத்தான் போனது. 2017 ஆகஸ்ட் 31-ல், அப்போது இருந்த இரண்டாவது கெடு முடியும் கடைசி நொடிகளில், மூன்று இளம் வீரர்களைக் கொடுத்து பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினார்கள். அவரது ஒப்பந்தம் 2019 வரை இருந்தது. கைல் டக்கர் மாதிரி முக்கியமானவரைக் கொடுக்கவில்லை. அந்த வருடமே உலகத் தொடர் கிடைத்தது. அதே சீசனில் எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது பின்னர் அம்பலமாகி, 2020, 2021 டிராஃப்டுகளின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளைப் பறித்தார்கள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று கமிஷனருக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டுமென்றே தோற்கும் பாதையும் இப்போது குறுகிவிட்டது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல்.

சோட்டோ விவகாரம் இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் என்ற அழைப்பை அவர் மறுத்ததும், வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022 ஆகஸ்ட் 2-ல் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. உரிமை இரண்டரை சீசன் மீதி இருந்தது, அதனால்தான் விலை அவ்வளவு: சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், இன்னும் சிலர். இந்த மூவரும் பிறகு ஆல்-ஸ்டார் ஆனார்கள். ஆனாலும் நேஷனல்ஸ் 2025-லும் 90-க்கு மேல் தோற்றது. மூன்று நல்ல வீரர்களைச் சுற்றி நிறுத்த மற்றவர்கள் சொந்த ஃபார்மிலிருந்து வரவில்லை. சான் டியேகோவோ சோட்டோவை முழுக்க வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு வருடம் மீதி இருக்கும்போது, 2023 டிசம்பரில், யாங்கீஸுக்குக் கொடுத்து மைக்கேல் கிங் உட்பட ஐந்து பேரை வாங்கியது.

சீசன் நடுவில் வாங்கும் அணிகள் மறந்துவிடும் விதி ஒன்று இருக்கிறது. வீரர் ஃப்ரீ ஏஜென்டாகப் போனால் பழைய அணிக்கு ஈடாக டிராஃப்ட் தேர்வு கிடைப்பது, அவர் முழு சீசனும் அங்கே இருந்தால்தான். ஜூலையில் வாங்கியவர் நவம்பரில் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. விற்பவருக்கும் ஒரு நெருக்கடி உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசனுக்குப் பிறகும், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவர் நான்கு சீசனுக்குப் பிறகும் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். இல்லையென்றால் டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் இன்னொரு அணி 1 லட்சம் டாலர் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். அடுத்த நவம்பரில் இந்தப் பட்டியலுக்குள் அடங்காதவர் யார் யார் என்று ஜூன் மாதமே எழுதி வைத்துக்கொள்ளும் அணி, ஜூலையில் முதலில் அவர்களைத்தான் நீட்டும்.

மருத்துவக் கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, படித்தாலும் போதாது. 2016 ஜூலையில் பாஸ்டன், ட்ரூ பாமரான்ஸை வாங்க ஆண்டர்சன் எஸ்பினோசா என்ற 18 வயது பிட்சரை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. வீரர்களின் மருத்துவத் தகவலை முழுதாகத் தரவில்லை என்று சான் டியேகோவின் பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லரை லீக் 30 நாள் இடைநீக்கம் செய்தது. அந்த எஸ்பினோசாவும் சான் டியேகோவில் அறுவை சிகிச்சை மேசைக்குப் போய்ப் பல சீசன்களை இழந்தார்.

வணக்கம்.