நம் தெரு யாருக்குப் போட்டது?

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கிராமத்து ஓட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அரசியல் ஆய்வாளன் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெறும் வரைக்கும் தேர்தல் டியூட்டிக்குப் போனவன். வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பேச முடியும்.

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு குக்கிராமம். ஒரு பழைய ஓட்டலும் அதை ஒட்டிச் சில வீடுகளும், அவ்வளவுதான் ஊர். 1960 முதல் அதிபர் தேர்தலன்று நள்ளிரவு 12 மணிக்கே ஓட்டுப் போட்டு, உடனே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அந்த முதல் வருஷம் நிக்சனுக்கு 9, கென்னடிக்குப் பூஜ்யம். 2020இல் பைடனுக்கு 5, டிரம்புக்கு ஒன்றுமில்லை. 2024இல் கமலா ஹாரிசுக்கு 3, டிரம்புக்கு 3. படிக்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ஐந்தும் ஒருவருக்கே விழுந்துவிட்டால் அப்புறம் யாருடைய ஓட்டு ரகசியம்? ஐந்து பேரும் யாருக்குப் போட்டார்கள் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டதே! அங்கே அது டிவிக்காரர்கள் வந்து படம் பிடிக்கிற கொண்டாட்டம். அதற்காக யாரும் தெருக் குழாயை மூடப் போவதில்லை.

இங்கே கதை வேறு. ஓட்டுச்சீட்டுக் காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணும் வழக்கம் இருந்தது. எந்தச் சீட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. வேலை சுலபமாயிற்று, அதை நான் மறுக்க மாட்டேன். விடிய விடிய எண்ணியவன் நான். ஆனால் ஒரு இயந்திரம் என்றால் ஒரு சாவடி. சிற்றூர்களில் ஒரு சாவடி என்றால் ஒரு ஊர், சில இடங்களில் இரண்டு மூன்று தெரு. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று படிவம் 20இல் ஏறுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தனி ஆளின் ஓட்டு ரகசியம், தெருவின் ஓட்டு பகிரங்கம்.

ஓட்டுப் போடாத தெருவை ஜெயித்தவர் ஒதுக்கிவிடுவார் என்பது வெறும் பயமா? 2019 மக்களவைத் தேர்தலில், உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூர் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர் மேனகா காந்தி மேடையிலேயே கணக்குச் சொன்னார்: 80 சதவீதம் ஓட்டுத் தந்த ஊர் ‘ஏ’, 60 என்றால் ‘பி’, 50 என்றால் ‘சி’, அதற்கும் கீழே ‘டி’. வளர்ச்சி வேலைகள் அந்த வரிசைப்படிதான் நடக்குமாம். தேர்தல் ஆணையம் கண்டித்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார், அதனால் மாட்டிக்கொண்டார். சொல்லாமல் செய்கிறவரை யார் கண்டிப்பது?

வழி இல்லாமல் இல்லை. பல இயந்திரங்களை இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டுகிற ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 14 இயந்திரங்களைச் சேர்த்து எண்ணலாம். 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்த இடத்தில் பலம், எந்த இடத்தில் பலவீனம் என்று கட்சிகளுக்குத் தெரிய வேண்டுமாம்! எனக்கு இந்தக் காரணம் விளங்கவே இல்லை. அது கட்சியின் தேவை, வாக்காளர் ஏன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்?

‘அந்த ஊரா? அது இலை ஊர்’, ‘இது உதயசூரியன் ஊர்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் கடைசியாகப் பார்த்த டியூட்டி 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல். அதில் இயந்திரம் இல்லை, ஓட்டுச்சீட்டுதான். ஒரு ஆளுக்கு நான்கு சீட்டு, நான்கும் நான்கு நிறம். வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னம். முதல் இரண்டு சீட்டில் பங்காளி, சம்பந்தி, சாதி, கோயில் வரித் தகராறு, போன வருஷம் கேட்டுக் கொடுக்காத கடன், எல்லாம் வந்து நிற்கும். அடுத்த இரண்டில் கட்சி வரும். எதிர்க்கட்சிக்காரன் மச்சினனாக இருந்தால் தலைவர் சீட்டில் அவனுக்கு ஒரு முத்திரை, ஒன்றியச் சீட்டில் தன் கட்சிக்கு ஒரு முத்திரை. இதைக் கட்சி மாறுவது என்று சொல்ல முடியுமா? நாலு கேள்வி கேட்டார்கள், நாலு பதில் சொன்னார்கள்.

ஊர் கூடி முடிவெடுத்துவிட்டால் எல்லோரும் அப்படியே குத்துவார்கள் என்பதும் பாதி உண்மைதான். எங்கள் ஊரில் ஒருமுறை ஒரு கட்சிக்கு 11 ஓட்டு விழுந்திருந்தது. மறு கட்சியின் கிளைக் கழகத்துக்காரர் டீக்கடையில் படிவத்தை விரித்துவைத்து ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டார், பெயர் சொல்லி. மிச்சம் இரண்டு பேர் யார்? ஒரு வாரம் அதே பேச்சு. ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து, “சார், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார்.

எங்கள் சின்னம்மா உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் அந்தக் கிளைக் கழகத்தில் பொருளாளர். வந்தவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ரெண்டுதானா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். நானும் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை.