திராட்சை பறிக்கும் வாரங்களில்

நேயர்களுக்கு வணக்கம். ஒயின் விளையும் வட்டாரங்களைப் பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களிடம், அறுவடை நேரத்தில் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வாரங்களில் அங்கே யாருக்கும் விருந்தாளியைக் கவனிக்க நேரம் இருக்காது. ஒரு வருட உழைப்பு முழுவதும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தொட்டிக்கு வந்து சேர வேண்டும். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் நாம் போகிறோம்.

சரி, எந்தத் தேதிக்குப் போவது? தோட்டக்காரருக்கே அது கடைசி நேரத்தில்தான் தெரியும். வாழைப்பழம் பறித்த பிறகும் பழுக்கும், திராட்சை அப்படிப் பழுப்பதில்லை. கொடியில் இருக்கும்வரை இனிப்பு ஏறிக்கொண்டே போகும், புளிப்பு இறங்கிக்கொண்டே வரும். இரண்டும் ஒத்துவரும் நாளைப் பிடித்தாக வேண்டும். காத்திருக்கும்போது பெருமழை வந்தால் பழம் தண்ணீர் குடித்து வெடிக்கும், அழுகல் பிடிக்கும். சர்க்கரையை அளக்கக் கருவி இருக்கிறது. இருந்தாலும் காலையில் வரிசை வரிசையாக நடந்து, பழத்தை மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார்கள். விதை பச்சையாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், பழுப்பேறிவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது. எனக்கு அறுவடையிலேயே மிகவும் பிடித்தது இந்தக் காத்திருப்புதான்.

பிரான்சின் பர்கண்டியில் போன் என்ற ஊருக்கு 1354 முதலான அறுவடைத் தேதிகள் கிடைத்திருக்கின்றன. 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28 வாக்கில் பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அது சுமார் 13 நாள் முன்னால் வந்துவிட்டது. பூமி சூடாவதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணங்கள் குறைவு. 2003இன் கடும் வெயிலில் அங்கே ஆகஸ்ட்டிலேயே பறித்தார்கள். அதனால் பழைய வழிகாட்டி நூலை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். போகும் ஊரில் விசாரியுங்கள், முன்னும் பின்னும் சில நாள் இடம் விட்டுத் திட்டமிடுங்கள். பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ், அதனால் சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

பல இடங்களில் இப்போது இயந்திரம்தான் பறிக்கிறது. வெயில் கடுமையான வட்டாரங்களில் விளக்கு போட்டு இரவிலேயே வேலை நடக்கும், பழம் சூடேறாமல் இருக்க. ஆனால் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. அங்கே கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளைச் சாறு எடுக்கிறார்கள். பழம் நசுங்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கிவிடும், அதனால் கொத்து முழுசாக ஆலைக்குப் போக வேண்டும். கொடிகளோ தாழ்வானவை. நாள் முழுக்கக் குனிந்து கத்தரிக்கும் அந்த மனிதர்களுக்கு வழிவிட்டு நின்று பாருங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் நான் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கைச் சொல்வேன். போர்ட் என்ற இனிப்பான, வீரியம் கூடிய ஒயினுக்காக 1756இலேயே எல்லை வகுத்த பகுதி அது. செங்குத்தான மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கொடி வைத்திருக்கிறார்கள். சில பண்ணைகளில் இன்றும் கருங்கல் தொட்டியில் திராட்சையைக் காலால் மிதிக்கிறார்கள். தோளில் கைபோட்டு வரிசையாக நின்று, முதலில் மெதுவாக, ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். கால் பழத்தை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். அப்புறம் பாட்டும் இசையும் தொடங்கும். சில பண்ணைகளில் பார்வையாளர்களும் இறங்கலாம், முன்பதிவு அவசியம்.

சாறு நொதிக்கும் அறைக்குள் மட்டும் அழைக்காமல் நுழையாதீர்கள், தொட்டிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும், ஆளை வீழ்த்திவிடும். பழக்கப்பட்டவர்களே அதில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

ஜெர்மனிப் பக்கம் போனால் ஃபெடர்வைசர் குடித்துப் பாருங்கள். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் இளம் ஒயின் அது, கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் குறுகுறுவென்று இருக்கும். வெங்காயம் வைத்து அடுப்பில் சுட்ட ரொட்டி போன்ற பண்டத்தோடு தருவார்கள். வாயு வெளியேறுவதற்காகப் புட்டியை இறுக்கி மூடுவதில்லை, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஊருக்கு எடுத்து வர முடியாது, அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.